கார்டின் பக்கத்தை ஒட்டி வைக்காதீர்கள்

கேள்வி:

வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு 25 வயது. பிறந்த ஊர் சித்தேரி மலை. வாழ்க்கைப்பட்டது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டாவது பிரசவம், இப்போது 24 வாரம் என்று கார்டில் எழுதியிருக்கிறார்கள். முதல் பையனுக்கு நாலு வயது. போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கு, பி பாசிட்டிவ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் நர்ஸம்மா. எனக்குக் கண் மஞ்சளாக இல்லை, காய்ச்சலும் இல்லை. கூட வந்த அத்தை அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். பையனை என் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். போனில் சொன்னதும், "கல்யாணத்துக்கு முன்னாடியே இது உனக்கு இருந்திருக்கு" என்று ஒரு மாதிரியாகப் பேசினார். அதற்கப்புறம் சரியாகப் பேசுவதே இல்லை. எங்கள் ஊர்த் தண்ணீரால் வந்திருக்குமா? நாட்டு மருந்து சாப்பிட்டுப் பத்தியம் இருந்தால் போய்விடும் என்று அத்தை சொல்கிறார். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு மலைக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன், அங்கே யாருக்கும் இது தெரியாது. இல்லையென்றால் இந்தப் பிள்ளையே வேண்டாம் என்று கலைத்துவிடுவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் அம்மா. இந்தக் கிருமிக்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியம் எந்த மாதத்திலும் இல்லை. உங்கள் குழந்தைக்கு இது ஒட்டாமலே பிறந்து வளர எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதற்கான மருந்தும் ஊசியும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். இதற்கு இப்போதிருந்தே கொஞ்சம் ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கையில் இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. நிறைய நேரம் அது.

'மஞ்சள் காமாலைக் கிருமி' என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். காமாலை என்பது கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது. அது ஓர் அடையாளம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் ஐந்து இருக்கின்றன: ஏ, பி, சி, டி, ஈ. உங்களுக்கு இருப்பது ஹெபடைட்டிஸ் பி. இது உடம்பில் இருக்கிற பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. வருஷக்கணக்காக இருக்கும், ஒன்றும் தெரியாது. உங்களைப் போலக் கர்ப்பத்தில் ரத்தம் எடுக்கும்போதுதான் முதன்முதலாக அகப்படும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பது தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. 'பி பாசிட்டிவ்' என்றதும் ரத்த வகையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கார்டில் ரத்த வகை ஓர் இடத்திலும், இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற எச்.பி.எஸ்.ஏஜி என்ற சோதனை வேறோர் இடத்திலும் இருக்கும். யாரையாவது விட்டுப் படித்துப் பார்த்து, எது பாசிட்டிவ் என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நர்ஸம்மா காமாலை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார், இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் எதற்கும் தண்ணீரைச் சந்தேகப்படுவது நியாயம்தான். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறி, முட்டி வளைந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் பி வைரஸ் தண்ணீரில் வராது. சோற்றில் வராது, இருமலில் வராது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இந்த மூன்று வழிதான். தண்ணீரில் வருவது ஏ வகையும் ஈ வகையும். அதில் ஈ வகையைக் கண்டால் கர்ப்பிணிகளைப் பார்க்கும் எங்களுக்கே பயம். கடைசி மூன்று மாதத்தில் அது வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து தாய்மார்கள் வரை உயிரிழந்த கொடுமை எல்லாம் உண்டு. அதனால் பி வகைக்காக இல்லாவிட்டாலும், பிரசவம் வரைக்கும் கொதித்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

சரி, குழந்தைக்கு வருவோம்.

வயிற்றுக்குள் இருக்கும்போது நச்சுக்கொடி பெரும்பாலும் இந்த வைரஸைத் தடுத்துவிடுகிறது. கருவிலேயே ஒட்டுவது குறைவு. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலும் நீரிலும் நனைந்து பிள்ளை வெளியே வருகிற அந்த நேரத்தில்தான் அநேகமாக ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை எதிர்த்து விரட்டிவிடும். பச்சைக் குழந்தைக்கு அப்படி இல்லை. அதன் உடம்புக்கு யார் உறவு, யார் அயல் என்று பிரித்துப் பார்க்க இன்னும் தெரியாது. உள்ளே வந்ததை அப்படியே இருக்க விட்டுவிடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வைரஸ் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. முப்பது, நாற்பது வயது வரை ஒன்றும் தெரியாது. பிறகு அவர்களில் நாலில் ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கிப்போவதோ புற்றுநோயோ வரலாம். குடியே தொடாத ஒருவர் நாற்பது வயதில் வயிறு வீங்கி வந்து படுக்கும்போது, அந்தக் கிருமி அவர் பிறந்த அன்றைக்கு ஒட்டியதாகவும் இருக்கும்.

அதே நாளில் அதைத் தடுக்கவும் முடியும். பிள்ளை பிறந்ததும் மேலெல்லாம் இருக்கிற ரத்தத்தை நன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு தொடையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசி. இரண்டும் அரை அரை மில்லிதான். இரண்டையும் பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். தடுப்பூசி என்பது விதை விதைக்கிற மாதிரி. எதிர்ப்புச் சக்தி முளைத்து வளர வாரக்கணக்காகும், வளர்ந்தால் பல காலம் நிற்கும். இம்யூனோகுளோபுலின் வடித்து வைத்த சோறு மாதிரி. இப்போதைய பசிக்கு உடனே ஆகும், சில மாதத்தில் தீர்ந்துவிடும். பிரசவ நேரத்தில் உள்ளே நுழைந்த வைரஸைச் சமாளிக்க வடித்த சோறும் வேண்டும், விதையும் வேண்டும். இரண்டையும் நேரத்தில் போட்டு, அப்புறம் 6, 10, 14-ஆவது வாரங்களில் போடுகிற பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) ஊசிகளையும் தவறாமல் போட்டால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் தப்பிவிடுகின்றன.

தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவது, பிரசவம் நடக்கிற இடத்தில் எல்லாம் இருக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படி இல்லை. விலை அதிகம். குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், பாசிட்டிவ் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு இந்த ஊசி இலவசம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்த பிறகு எங்கே இருக்கிறது என்று தேடினால் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் எட்டாவது மாதச் செக்கப்புக்குப் போகும்போதே, "எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு, குழந்தைக்குப் போடற இம்யூனோகுளோபுலின் இங்க இருக்குதா, இல்லன்னா எங்க போகணும்" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு உரியதைத்தான் கேட்கிறீர்கள். இருப்பு இல்லையென்றால் முன்கூட்டியே வரவழைக்கவும் முடியும்.

அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி இப்போது சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு தாராளமாகப் போய் இருங்கள். பிரசவத்துக்கு மலைக்கு வேண்டாம். வலி எடுத்த பிறகு இறங்கலாம் என்று இருந்து, பாதி வழியில் ஜீப்பிலேயே பிறந்த குழந்தைகள் எனக்குத் தெரியும். தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கீழே வந்துவிடுங்கள். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்னாடியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் நேரே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதுதான் என் யோசனை. இந்த வைரஸுக்காக ஆபரேஷன் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆகலாம்.

மலையில் யாருக்கும் தெரியாது என்பதற்காகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ராத்திரியில் பிரசவத்துக்கு வந்தாள். இரண்டு மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. கார்டைப் புரட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் போடுகிற தடுப்பூசியைப் போட்டு மூன்றாம் நாள் அனுப்பிவிட்டோம். ஆறாவது வாரம் ஊசிக்கு வந்தபோது எங்கள் நர்ஸ் கார்டை வாங்கினார். ஒரு பக்கம் மட்டும் தடிமனாக இருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தார். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து இரண்டு பக்கத்தை ஒன்றாக ஒட்டியிருந்தாள் அந்தப் பெண். உள்ளே சிவப்பு மையில் எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ். பத்தாவது படித்த நாத்தனார் கார்டை எடுத்து எடுத்துப் பார்ப்பாளாம். அவள் கண்ணில் படக்கூடாது என்று ஒட்டியது எங்கள் கண்ணிலும் படவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு இம்யூனோகுளோபுலின் போட்டுப் பயனில்லை. மற்ற ஊசிகளை எல்லாம் போட்டோம். ஒரு வயதில் சோதித்தபோது குழந்தைக்குப் பாசிட்டிவ். அன்றைக்கே அந்த இரண்டாவது ஊசியைப் போட்டிருந்தால் நிச்சயம் தப்பியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தப்ப நல்ல வாய்ப்பு இருந்தது என்பது மட்டும் தெரியும். தடித்திருந்த பக்கத்தை அன்று ராத்திரி நானும் தொட்டுத்தான் புரட்டியிருப்பேன். இப்போது யாருடைய கார்டு கையில் வந்தாலும் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அப்படி ஒட்ட வைத்த வீட்டின் மேல்தான் கோபம். உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. அதனால் இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, உங்கள் மனைவிக்கு 25 வயது. அவர் பிறந்த காலத்தில் அரசாங்கத் தடுப்பூசிப் பட்டியலில் ஹெபடைட்டிஸ் பி இல்லவே இல்லை. 2002 வாக்கில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011-க்கு மேல்தான் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் இந்த வைரஸ் நீண்ட காலமாக உடம்பில் தங்கியிருக்கிறது என்றால், பிறக்கும்போது தாயிடமிருந்தோ சின்ன வயதிலோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிய வயதில் ஒட்டினால்தான் உடம்பே விரட்டிவிடுகிறதே. சின்ன வயதில் போட்ட ஊசி, காது மூக்குக் குத்தியது, திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பத்துப் பேருக்குப் பச்சை குத்தியது, எதுவாகவும் இருக்கலாம். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கிற வைரஸ் இது. எப்போது வந்தது என்று எந்தச் சோதனையும் தேதி போட்டுச் சொல்லாது. "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்று நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கைக்குழந்தையாக இருந்தபோதே வந்திருக்கலாம். அதற்கு அவர் என்ன செய்வார்? உங்களுக்கும் இருக்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கிருமி இல்லை என்று வந்தால் மூன்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள், முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அது முடிந்து எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று தெரியும் வரை ஆணுறை பயன்படுத்தினால் போதும். பிரசவ சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு வந்து பக்கத்தில் இருங்கள்.

மூத்த பையனுக்கும் சோதனை அவசியம். அவனுடைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். பிறந்த அன்று போட்ட ஊசியும் பென்டாவேலன்டும் அதில் இருக்கும். இருந்தாலும் ரத்தம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் பிறந்தபோது உங்களுக்கு இது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது. அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு இருந்து தெரியாமல் இருப்பதைவிட, தெரிந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது மேல்.

தட்டு, டம்ளர்? ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம். பையனைக் கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். சமைக்கலாம். அத்தையிடம் இதை ஒரு டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். அவரும் பயத்தில்தான் செய்கிறார், பேரன் மேல் உள்ள பாசத்தில் செய்கிறார். பிரிக்க வேண்டியது வேறு சில சாமான்கள்: பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ஷேவிங் பிளேடு, காதுக் கம்மல். உங்கள் கையில் வெட்டுப்பட்டால் துணி சுற்றி மூடிக்கொள்ளுங்கள். ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.

பால் கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே கொடுக்கலாம், ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காம்பு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைச் சரியாக மார்பில் பொருத்துவது எப்படி என்று வார்டு நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாலே வெடிப்பு வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்தது அநேகமாக உடனடிக் கார்டு சோதனை. தர்மபுரியில் அதை உறுதி செய்துவிட்டு இன்னும் சில ரத்தச் சோதனைகள் எடுப்பார்கள்: கல்லீரல் எப்படி இருக்கிறது, வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் எச்.பி.ஈ.ஏஜி என்ற அடையாளம் இருக்கிறதா, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது. இந்தக் கடைசிச் சோதனை முக்கியம். வைரஸ் இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தாலோ, எச்.பி.ஈ.ஏஜி பாசிட்டிவாக இருந்தாலோ, இரண்டு ஊசியையும் மீறிச் சில குழந்தைகளுக்கு ஒட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் டெனோஃபோவிர் என்ற மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, 300 மில்லிகிராம், 28-ஆவது வாரம் வாக்கில் தொடங்குவார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸைக் குறைத்து வைத்துவிட்டால் பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு ஒட்டுவதும் குறையும். கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்து வருகிற மாத்திரை இது, பயப்பட வேண்டாம். பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். டாக்டர் சொல்லாமல் நிறுத்த மட்டும் கூடாது, நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று சீறிவிடலாம். நீங்கள் இப்போது 24-ஆவது வாரம். சோதனை முடிவு வரச் சில நாள் ஆகும். அதனால்தான் இந்த வாரமே போங்கள் என்கிறேன்.

நாட்டு மருந்து என்றால் அத்தை சொல்வது கீழாநெல்லியாகத்தான் இருக்கும். அதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. பி வைரஸை 1960-களில் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் பாருக் பிளம்பர்க். அவருடைய பிறந்த நாள்தான் ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி (ஹெபடைட்டிஸ்) நாள். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் முதலானவர்களும் சேர்ந்து 1988-ல் கீழாநெல்லி பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதனால் அத்தையின் நம்பிக்கையை யாரும் கேலி செய்ய வேண்டாம். அதை நம்பி மாத்திரையை விடவும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் கீழாநெல்லியோ, என்ன கலந்தது என்றே தெரியாத பொடியோ சூரணமோ எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கிருமி இருக்கிற கல்லீரலுக்கு அதையும் அரைக்கிற வேலை எதற்கு?

பத்தியமும் வேண்டாம். உப்பில்லாக் கஞ்சி, எண்ணெய் கூடாது, மீன் கூடாது என்று உங்களைப் பட்டினி போட்டால் உள்ளே இருப்பதும் சேர்ந்து மெலியும். களி, கீரைக் கடைசல், பருப்பு, முட்டை, மொச்சைக் குழம்பு, கிடைக்கிற பழம், எல்லாம் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் விடாதீர்கள்.

உங்கள் கல்லீரலைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பெண்கள் பலரும் அப்படித்தான், பிள்ளையைப் பற்றியே எழுதுவார்கள். பெரும்பாலான தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் இந்த வைரஸால் பெரிய தொந்தரவு வருவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் கல்லீரல் கொஞ்சம் சீண்டப்படுவது உண்டு. ஆறு மாதம் வரை அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரல் சோதனை, டாக்டர் சொன்னால் ஸ்கேன். பிள்ளையின் ஊசித் தேதிகளை நினைவில் வைக்கிற நீங்கள் இதையும் வையுங்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்து, 12 மாதத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்க்கும் நாளிலேயே உங்களுக்கும் எடுத்துவிடலாம், ஒரே பஸ் செலவு.

நர்ஸம்மா மற்றவர்கள் காதில் விழும்படி உங்களிடம் முடிவைச் சொன்னது சரியில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் முடிவை உங்களிடம் தனியாகச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வார்டில் கட்டிலுக்கு மேல் எழுதி ஒட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் உங்களுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் தெரிந்தே ஆக வேண்டும். யாராவது முகம் சுளித்தால் 104-க்குப் போன் போட்டு ஆலோசனை கேளுங்கள்.

வலி எடுத்ததும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் ஏறும்போது ஆம்புலன்ஸ்காரரிடமும், லேபர் வார்டில் நுழையும்போது முதலில் பார்க்கிற நர்ஸிடமும் சொல்ல வேண்டியது இது: "எனக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், குழந்தைக்கு ரெண்டு ஊசி போடணும்." வலியில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் கூட வருகிறவருக்கு, அது அத்தையாகவே இருந்தாலும், இந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள். பிள்ளை பிறந்த நேரத்தையும் இரண்டு ஊசி போட்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார்டு இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது? முடிவு எழுதிய அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வையுங்கள், எடுத்ததும் அதுவே திறக்கும்படி.